கொடிமரத்துக்கு அப்பால்

பழனி மலைக்கோயிலில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதோர் செல்லக் கூடாது என்று பலகை வைக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 ஜனவரி 30 அன்று உத்தரவிட்டது. நீதிபதி எஸ்.ஸ்ரீமதி அளித்த அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. இந்து அல்லாத ஒருவர் குறிப்பிட்ட தெய்வத்தைத் தரிசிக்க விரும்பினால், அந்தத் தெய்வத்திடம் தமக்கு நம்பிக்கை உண்டு, இந்து சமய வழக்கங்களையும் கோயில் நடைமுறைகளையும் பின்பற்றுவேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். அதைக் கோயில் நிர்வாகம் பதிவேட்டில் பதிந்துகொள்ள வேண்டும். வழக்கு பழனிக்காகத் தொடுக்கப்பட்டது. உத்தரவு தமிழ்நாட்டின் மற்றக் கோயில்களுக்கும் சேர்த்தே வந்தது. பலகையைப் பற்றித்தான் எங்கும் பேச்சு நடந்தது. ஆனால் சமய நோக்கில் கனமான கேள்வியை எழுப்புவது உறுதிமொழிதான். ஒருவருடைய நம்பிக்கையை இன்னொருவர் எழுதி வாங்கிப் பதிந்து வைக்க முடியுமா?

கோயில் வாசலில் யார் நிற்க வேண்டும், யார் போகலாம் என்ற வழக்கு தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சென்றதை எதிர்த்து ராமநாதபுரம் அரசர் தொடுத்த வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. பழைய வழக்கம் என்பதே அங்கே பெரிய சான்றாக நின்றது. 1939 ஜூலை 8 அன்று அ.வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தாரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். பட்டர்களில் ஒரு பகுதியினர் கோயிலின் புனிதம் கெட்டுவிட்டது என்று விலகி நின்றார்கள். ராஜாஜி அரசு அந்த ஆண்டே பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1947ஆம் ஆண்டின் சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம், சாதி எதுவானாலும் இந்துக்கள் அனைவருக்கும் கோயில்களைத் திறந்துவிட்டது. முல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. தனிப் பிரிவினரின் கோயிலானாலும் பொது வழிபாட்டிலிருந்து மற்ற இந்துக்களை அடியோடு விலக்க முடியாது, சில சடங்குகளை மட்டும் தமக்கென ஒதுக்கிக்கொள்ளலாம் என்றது.

அந்த வழக்குகளையும் பழனி வழக்கையும் ஒன்றாகவே வைத்துப் பேசுவது சரியல்ல. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொதுத்தன்மை உள்ள இந்துக் கோயில்களை இந்துக்களின் எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. பிற மதத்தார் உள்ளே வர உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. தீண்டாமையால் வாசலில் நிறுத்தப்பட்டவரின் வலி வேறு, வேறொரு மதத்தைப் பின்பற்றுகிறவர் கொடிமரத்தடியில் நிற்பது வேறு. ஆனால் வழக்கம், புனிதம், மனம் புண்படுதல் என்று இரண்டு இடத்திலும் முன்வைக்கப்படும் வாதங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை ஏற்கும் முன் 1939ஐ ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

யார் இந்து என்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. குஜராத்தின் சுவாமிநாராயண சத்சங்கிகள் தங்கள் கோயில்களுக்குள் ஒடுக்கப்பட்டோர் வருவதைத் தடுக்க, தாங்கள் இந்துக்களே அல்ல என்று வாதாடினார்கள். 1966இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. இந்து சமயத்துக்கு ஒரே தீர்க்கதரிசி, ஒரே தெய்வம், ஒரே கோட்பாடு என்று எதுவும் கிடையாது என அந்தத் தீர்ப்பில் நீதிபதி கஜேந்திரகட்கர் விரிவாக எழுதினார். தமிழ்நாட்டிலிருந்து போன பெருமாள் நாடார் வழக்கில், கிறிஸ்தவராகப் பிறந்தவர் இந்துவாக மாறச் சுத்திச் சடங்கு கட்டாயமா என்ற கேள்வி வந்தது. கட்டாயமில்லை, உண்மையான எண்ணமும் அதை ஐயமின்றிக் காட்டும் நடத்தையும் போதும் என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பில் காகிதத்துக்கு வேலையே இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒருவர் வாழ்ந்த வாழ்க்கைதான் சான்று.

சைவ சித்தாந்தமும் இந்த இடத்தில் தெளிவாகவே பேசுகிறது. உயிர் பக்குவப்படும் அளவுக்கு ஏற்ப இறைவனின் அருள் அதில் பதிவதைச் சத்திநிபாதம் என்கிறது. அதற்கு மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு நிலைகளை வகுக்கிறது. அந்தப் பக்குவத்தை அறிபவன் பதியாகிய இறைவன். அவன் அருளால் அறிபவர் குரு. தகுதி பார்த்துத் தீட்சை கொடுக்கும் முறையும் உண்டு. ஆகவே சமயத்துக்குள் தேர்வே கிடையாது என்பது தவறு. தேர்வு உண்டு, ஆனால் அதை நடத்துகிறவர் சீடனோடு பழகி அவனை அறிந்த குரு. பெரியபுராணத்தில் கண்ணப்பர் வாயில் நீரும் கையில் இறைச்சியுமாக வந்து வழிபட்டுப் போன தடங்களைக் கண்டு அர்ச்சகர் சிவகோசரியார் அதிர்ந்து, மீண்டும் மீண்டும் சுத்தி செய்தார். ஆகமத்தின்படி அவர் செய்தது சரியே. அவருக்குத் தெரியாமல் இருந்தது கண்ணப்பரின் அன்பு; அதைக் காளத்திநாதரே காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகமம் அறிந்த அர்ச்சகருக்கே எட்டாத ஒன்றைப் பழனி அடிவாரத்தில் விஞ்ச் நிலையச் சீட்டுக் கவுண்டரில் இருக்கும் ஊழியர் எப்படி அறிவார்? மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளும் காவடிகளும் கைக்குழந்தைகளுமாக வரிசை நகரும்போது, அவரால் பார்க்க முடிவது பெயரையும் உடையையும் நெற்றியையும்தான். பெயர் வேறாகவும் நெற்றி வெறுமையாகவும் இருந்தால் கேள்வி வரும். சந்தேகம் எப்போதும் தோற்றத்தின் மேல்தான் விழுகிறது.

பழனி தேவஸ்தானத்தின் நிர்வாகத்திலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கொடைக்கானலில் உள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் கட்டியவர் லீலாவதி ராமநாதன். ஐரோப்பிய வம்சாவளியில் ஹாரிசன் என்ற குடும்பப் பெயருடன் பிறந்தவர். இலங்கையின் சர் பொன்னம்பலம் ராமநாதனோடு சேர்ந்து சைவம் கற்று, அவரை மணந்து, இந்துவானவர். ராமநாதன் 1930இல் மறைந்த பிறகு, குறிஞ்சி பூக்கும் அந்த மலையில் முருகனுக்கு இந்தக் கோயிலை எழுப்பினார். கோயிலருகே நின்றால், மேகம் விலகும் வேளையில் கீழே பழனி தெரியும். பழனி ஆண்டவரைத் தரிசித்தவர்கள் கொடைக்கானல் வந்தால் இங்கும் வணங்கிவிட்டுத்தான் போகிறார்கள். அவர் மதம் மாறியவர், எனவே பலகை அவரைத் தடுக்காது என்று சொல்லலாம். ஆனால் மதம் மாறுவதற்கு முந்தைய நாளும் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அது இருந்ததால்தான் மாறினார். நம்பிக்கை முதலில் வருகிறது, மதத்தின் பெயர் பின்னால் வருகிறது. வாசலில் பெயரை முதலில் கேட்டால், இடையில் நிற்கும் மனிதர் வெளியே தள்ளப்படுகிறார்.

பலகை வேண்டும் என்றவர்களின் கவலையைத் துவேஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. கோயில் சுற்றுலாத் தலமல்ல என்று நீதிபதி சொன்னது உண்மை. கருவறை முன் வேடிக்கை பார்க்கிறவரும் படம் எடுக்கிறவரும் வழிபடுகிறவரின் மனத்தைக் கலைக்கிறார்கள். ஆனால் அது நடத்தை பற்றிய குறை. நடத்தை விதிகளால் தீரும். பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் கைபேசிக்குத் தடை உண்டு. அந்தத் தடை யாருடைய மதத்தையும் கேட்பதில்லை, இந்துவின் கைபேசியையும் சேர்த்தே வாங்கி வைக்கிறது. நியாயமான விதிக்கு அதுவே இலக்கணம்.

உறுதிமொழியைப் பெற்றுப் பதிகிறவர் அரசுத் துறையின் மேற்பார்வையில் உள்ள நிர்வாகி என்பது இன்னொரு சிக்கல். அரசும் சமயமும் எவ்வளவு நெருங்கலாம் என்ற விவாதம் அதே 2024இல் அதே பழனியில் வேறொரு வடிவில் எழுந்தது. ஆகஸ்ட் 24, 25 தேதிகளில் தமிழ்நாடு அரசின் இந்து சமய அறநிலையத்துறை அங்கே அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாட்டை நடத்தியது. துறையின் கல்வி நிலையங்களில் முருகன் இலக்கியம், கந்த சஷ்டிப் பாராயணம் ஆகியவை பற்றிய தீர்மானங்கள் அங்கே நிறைவேறின. மதச்சார்பற்ற அரசின் வேலையா இது என்று திராவிடர் கழகமும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் கேட்டன. கல்வி நிலையத்தில் பாராயணம் செய்யச் சொல்வதும், வாசலில் நம்பிக்கையை எழுதித் தரச் சொல்வதும் உள்ளத்துக்குள் அரசு கைநீட்டுவதுதான். முன்னதை எதிர்த்தவர்கள் பின்னதையும் எதிர்க்க வேண்டும்; முன்னதை ஆதரித்தவர்களும் பின்னதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உறுதிமொழி அரசியலுக்கு எவ்வளவு எளிதாகக் கருவியாகும் என்பது திருமலையில் தெரிந்தது. அங்கே பிற மதத்தார் நம்பிக்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முறை முன்பே உண்டு. 2024 செப்டம்பரில் கிறிஸ்தவரான முன்னாள் முதல்வர் ஜெகன் மோகன் ரெட்டி கையெழுத்திடுவாரா மாட்டாரா என்பதே ஆந்திர அரசியலின் பேச்சாகி, அவர் பயணத்தையே ரத்து செய்தார். மறுபுறம், குருவாயூரப்பனைப் பாடிய, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பாடகர் ஜேசுதாஸ் குருவாயூர்க் கோயிலுக்குள் போக முடியாதவராகவே இருந்தார். 2017இல் திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயில் அவருடைய எழுத்துமூல உறுதியை ஏற்று அனுமதி அளித்தது. அவர் பக்தியைப் பற்றி எந்தக் காகிதமும் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

இதில் கவனிக்காமல் விட்ட ஓர் இடமும் இருக்கிறது. இந்துக் குடும்பத்தில் பிறந்த நாத்திகரிடம் யாரும் உறுதிமொழி கேட்பதில்லை. அவர் கொடிமரத்தைத் தாண்டி நேரே போகலாம். முருகனை நம்பும் இஸ்லாமியர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நம்பிக்கைதான் அளவுகோல் என்றால் இருவரிடமும் கேட்க வேண்டும். பிறப்புதான் அளவுகோல் என்றால் உறுதிமொழி எதற்கு? தீர்ப்பு இரண்டையும் சேர்த்தே கட்டியிருக்கிறது. எழுதித் தரும் வழியைத் திறந்ததன் மூலம், பிற மதத்தாரிடமும் பக்தி இருக்கக்கூடும் என்பதை அதுவே ஒப்புக்கொள்கிறது. அவ்வளவு தூரம் வந்த பிறகு, உடை, அமைதி, கைபேசி, வரிசை பற்றிய விதிகளை எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்துவிட்டு, உள்ளே வருகிறவரின் மனத்தை ஆண்டவருக்கு விட்டுவிடுவதே சித்தாந்தத்துக்கும் அரசியலமைப்புக்கும் பொருந்தும் வழி.