புத்தி சொல்வோரும் பிள்ளை தூக்குவோரும்

பிள்ளை வரம் வேண்டி அன்னை முத்துமாரியின் சந்நிதியில் தொட்டில் கட்டும் வழக்கம் மாத்தளை மாவட்டத்துக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. வரம் கிடைத்தபின் துடக்குக் கழித்து, பிள்ளையைக் கொண்டுவந்து அம்பாள் முன்னால் கிடத்துவார்கள். முன்னைய பிள்ளைகள் தங்காமற் போன குடும்பமாயின் இன்னொரு சடங்கும் உண்டு. பிள்ளையை அம்மனுக்கே கொடுத்துவிட்டு, ஒரு பிடி தவிட்டுக்கோ சில்லறைக் காசுக்கோ திரும்ப வாங்கிக்கொள்வார்கள். படித்தவர்கள் சிலர் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ஆனால் அந்தச் சடங்கிற்குள் ஒரு பெரிய தத்துவம் அடங்கியிருக்கின்றது. பிள்ளை பெற்றவர்களின் சொத்து அல்ல, அது அன்னையுடையது, வளர்ப்பதற்காகக் கையில் தரப்பட்டிருக்கின்றது என்பதே அது.

பிள்ளை அன்னையுடையது என்றால், அதை வளர்க்கும் வேலை யாருடையது? பெற்ற தாய் ஒருத்தியுடையது மட்டுந்தானா? இக்கேள்விக்கு வாயளவில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். எல்லோருக்கும் பொறுப்புண்டு என்பார்கள். நடைமுறையிலோ வேறுவிதமாகக் காணக்கூடியதாக உள்ளது.

ஒரு வீட்டில் தலைப்பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகின்றது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க வருகின்றவர்கள் ஒரு சவர்க்காரக் கட்டியோ ஒரு சட்டையோ கொண்டுவருவார்கள். கூடவே ஆளுக்கொரு புத்திமதியும் கொண்டுவருவார்கள். கல்கண்டுத் தண்ணீர் கொடு என்பார் ஒருவர். தலைக்கு எண்ணெய் போதாது என்பார் அடுத்தவர். தூக்கித் தூக்கிக் கைச்சூடு பழக்காதே என்பார் ஒருவர், அழவிடாதே, தொப்புள் தள்ளிவிடும் என்பார் இன்னொருவர். தாய் சாப்பிடக்கூடாத பொருட்களின் பட்டியலைச் சேர்த்துப் பார்த்தால் அவளுக்குச் சோறும் உப்பும் மட்டுமே மிஞ்சும். இப்போது கைத்தொலைபேசியிலும் ஆலோசனைகள் வந்து குவிகின்றன. மாலையானதும் வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை வீரிட்டு அழும்போது, புத்தி சொன்னவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. பிள்ளையின் தகப்பன் விடிந்தால் வேலைக்குப் போகவேண்டும் என்று போர்வையை இழுத்துக்கொள்வான். அவளுக்கும் விடிந்தால் வேலைதான் என்பது அவன் எண்ணத்தில் வருவதில்லை.

நமது சமயம் இவ்விடயத்தில் என்ன காட்டுகின்றது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். திருச்சிராப்பள்ளியில் கோயில் கொண்டிருக்கும் செவ்வந்திநாதர் தாயுமானவர் ஆன கதை எல்லோரும் அறிந்ததே. இரத்தினாவதி என்னும் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. பேறு பார்க்க வரவேண்டிய தாய் காவேரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். அப்போது இறைவன் அசரீரியாக ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை, ‘தைரியமாக இரு’ என்று ஒரு முனிவரை அனுப்பவுமில்லை. அந்தத் தாயின் உருவிலேயே வந்து, பேறு பார்த்து, வெள்ளம் வடியும்வரை பிள்ளையையும் தாயையும் பராமரித்தான் என்பது தலபுராணம். மருத்துவிச்சி வேலையைத் தாழ்வாக நினைப்போர் இன்றும் இருக்கின்றனர். உலகநாதன் அதைத் தாழ்வாக நினைக்கவில்லை. சுகப் பிரசவம் வேண்டி அந்தச் சந்நிதியில் வாழைத்தார் நேர்ந்து வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கின்றது.

முருகப்பெருமானின் வரலாறும் அவ்வாறே. சரவணப் பொய்கையில் தோன்றிய ஆறு குழந்தைகளுக்கும் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். உமாதேவியார் வந்து பிள்ளைகளை ஒன்றாக அணைத்த பின்னர், வளர்த்த பெண்களின் வேலை முடிந்தது என்று அவர்களை யாரும் மறந்துவிடவில்லை. அவர்கள் பெயரால் அவன் கார்த்திகேயன் ஆனான். அவர்கள் நட்சத்திரத்திலே விரதம் அனுட்டிக்கின்றோம். வளர்ப்பவளுக்கு இவ்வளவு மரியாதை செய்த சமயத்தைச் சேர்ந்தவர்கள், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருக்கும் ஆயாவை எவ்வாறு நடத்துகின்றோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். தாய்மார் கொழுந்து பறிக்கவும் இறப்பர் பால் வெட்டவும் மலைக்குப் போன பின்னர், பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, உணவூட்டி, தொட்டிலாட்டுகின்றவள் அவள். இக்காலத்தில் பிள்ளைக் காம்பராவுக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறி, பயிற்சி பெற்றவர்களும் நியமிக்கப்பட்டிருக்கின்றனர். பெயர் மாறினாலும் வேலை அதேதான்.

மாத்தளைத் தமிழருக்கு இது புதிய பாடமும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பின்னர் குடும்பங்களாகவும் வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர்கள் அநேகர். அந்தக் கூட்டத்தில் ஒரு தாய் காய்ச்சலில் விழுந்தால் அவள் இடுப்புப் பிள்ளையை யார் சுமப்பது என்று நின்று விவாதிக்க நேரம் இருந்திருக்காது. பக்கத்தில் நடந்தவள்தான் தூக்கியிருக்கவேண்டும். அவ்வாறு தூக்கப்பட்ட பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று இம்மாவட்டத்தின் ஆலயங்களில் தேர்வடம் பிடிக்கின்றவர்களிலும் இருப்பார்கள்.

சட்டமும் ஓரளவுக்கு இப்பொறுப்பைப் பங்கிட முயன்றிருக்கின்றது. தோட்டத் தொழிலாளிக்கும் பொருந்தும் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மூன்றாவது பிள்ளையிலிருந்து தாய்க்கு அரைவாசி விடுமுறைதான் என்ற பாகுபாடு அதில் நெடுங்காலம் இருந்து, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் நீங்கி, எத்தனையாவது பிள்ளைக்கும் 12 வாரம் என்றானது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளொன்றுக்கு இரண்டு தடவை இடைவேளை கொடுக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்திலே உண்டு. தொழில் கொள்வோர் பிள்ளைக் காப்பகம் வைத்திருந்தால் தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது பலருக்குத் தெரியாது. அரசாங்க உத்தியோகத்திலிருக்கும் பெண்ணுக்கோ முழுச் சம்பளத்துடன் 84 நாள், அரைச் சம்பளத்துடன் 84 நாள், சம்பளமின்றி 84 நாள் என்று மூன்று கட்டமாக லீவு இருக்கின்றது. அலுவலகப் பெண்ணின் பிள்ளைக்கு அவ்வளவு பால் வேண்டும், மலையேறும் பெண்ணின் பிள்ளைக்கு 12 வாரம் போதும் என்று எந்தச் சாத்திரம் சொல்கின்றதோ தெரியவில்லை. தகப்பனுக்கு வந்தால், அரசாங்க ஊழியருக்கு மூன்று நாள். பிள்ளையின் பிறப்பைப் பதிந்துவிட்டு வீடு திரும்பவே அது சரியாகிவிடும்.

பிள்ளை பிறந்து ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீரும் வேண்டாம் என்பது கிளினிக்கில் சொல்லப்படும் விதி. அந்த விதியைக் கைக்கொள்வதில் இலங்கைத் தாய்மார் உலகில் முன்வரிசையில் நிற்பவர்கள். 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே பெற்றிருக்கின்றனர். ஆனால் அதே ஆய்வு, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதையும் எடுத்தால் 17 வீதம், தோட்டப் பகுதியில் மட்டும் 32 வீதம் என்றும் சொல்கின்றது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. 12 வாரத்தில் வேலைக்குத் திரும்பும் தாய், போதாத வருமானம், நெருக்கமான லயம், நல்ல தண்ணீர் இல்லாமை என்று இதற்குப் பல காரணங்கள் கூறுவர். இக்காரணங்களில் எதுவும் புத்திமதியால் தீரக்கூடியது அல்ல.

இவ்வாறு கூறும்போது, பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். அக்கேள்வி நியாயமானதே. மூன்று பிள்ளை, நான்கு பிள்ளை வளர்த்த அனுபவம் சும்மா வந்ததல்ல. அதிலும் இரவெல்லாம் விழித்திருந்து மடியில் போட்டு ஆட்டுகின்ற அம்மாயிக்கும் அப்பாயிக்கும் பேச உரிமை இல்லை என்று யார் சொல்லமுடியும்? பிள்ளை தூக்குவோர் பேசலாம் என்றால் முதலில் பேசவேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் இங்கேதான் சிக்கல் இருக்கின்றது. தூக்குகின்றவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா?

வசம்பை எடுத்துக்கொள்வோம். நமது முன்னோர் அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்தார்கள். சுட்டு உரைத்து நாக்கில் தடவாத வீடு முற்காலத்தில் குறைவு. ஆனால் வசம்பிலுள்ள ஒரு பொருள் உடலுக்குக் கேடு செய்யக்கூடியது என்று கண்டு, அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டே அதை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்துவிட்டனர். பச்சைக் குழந்தைக்கு அதைக் கொடுக்கவேண்டாம் என்பதே வைத்தியர்களின் சொல். தேனும் அவ்வாறே. ஒரு வயது நிரம்புமுன் தேன் நக்கக் கொடுத்தால், அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் வளர்ந்து, கை கால் சோர்ந்து, மூச்சுக்கே ஆபத்தாகலாம். தேன் கொடுத்த பாட்டி அன்பினால்தான் கொடுத்தாள். அன்பு இருந்தது, அறிவு பழையதாகப் போய்விட்டது. சொல்வதற்கு உரிமை இருப்பது வேறு, சொன்னதைச் செய்யவைக்க உரிமை இருப்பது வேறு. பாட்டி சொன்னதற்கும் மருத்துவமாது சொன்னதற்கும் நடுவில் அகப்பட்டு, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகின்ற இளந்தாயின் நிலைதான் பரிதாபம். எல்கடுவைப் பக்கமோ கம்மடுவைப் பக்கமோ மலைப்பாதையில் நடந்து வந்து பிள்ளையை நிறுத்து, வளர்ச்சிப் புத்தகத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போகும் குடும்பநல மருத்துவமாதுவும் ஒருவகையில் பிள்ளை தூக்குகின்றவளே. அவள் வரும் நாளில் பாட்டியும் பக்கத்தில் இருந்து கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

வெளிநாடு போன தாய்மாரைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. பால் குடிப்பதை அப்போதுதான் மறந்த பிள்ளையை அம்மாயியிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டுவேலைக்குப் போன பெண்கள் இம்மாவட்டத்தில் பல ஊர்களில் இருக்கின்றனர். பிள்ளையை விட்டுப் போக எப்படி மனம் வந்தது என்று ஊர் கேட்கும். 2013ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் அவ்வாறு செல்வதைத் தடுக்கும் வகையில் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடி வந்த 2022ஆம் ஆண்டில் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைக்குத் தாய் எத்தனை வயதுவரை வேண்டும் என்பதை டொலரின் தட்டுப்பாடு தீர்மானித்தது போலாகிவிட்டது. தகப்பன்மாரும் கட்டார், டுபாய் என்று போகின்றனர். அவர்களிடம் எந்த நாளும் எவரும் அப்படியோர் அறிக்கையைக் கேட்டதில்லை. அந்தத் தாய் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டின் குடிபுகுதலுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டவர்கள், வீதியில் இறங்கியதும் அவளைக் குறைகூறுவது எந்த வகையில் தர்மம்?

இன்னொன்றும் உண்டு. பிரசவித்த சில வாரங்களில் சில பெண்கள் பேச்சுக் குறைந்து, காரணமின்றி அழுது, பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் விருப்பமின்றி இருப்பார்கள். திமிர் என்பார்கள், காற்று கறுப்பு என்பார்கள். ஆலயத்துக்கு அழைத்துவந்து திருநீறு போடச் சொல்வார்கள். திருநீறு போடலாம், தவறில்லை. ஆனால் இது ஒரு நோய். வளர்முக நாடுகளில் பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு மனநோய், பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுகின்றது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கின்றது. கவனிக்காமல் விட்டால் தாயும் பிள்ளையும் உயிரிழக்கவும் கூடும், கவனித்தால் குணமாகும். அவளை வைத்தியரிடம் அழைத்துச்செல்ல வேண்டும். அதுவரை அவளுக்கு வேண்டியது தொடர்ந்து நாலு மணித்தியாலத் தூக்கம். அந்த நாலு மணித்தியாலம் பிள்ளையை யாராவது வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். அதைத் தகப்பன் செய்தால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. திருஞானசம்பந்தரின் தந்தையார் வேதம் ஓதிய அந்தணர். அழுது பின்தொடர்ந்த மூன்று வயதுப் பிள்ளையைத் தீர்த்தக்கரைக்குக் கூட்டிக்கொண்டுதான் குளிக்கப் போனார். அவர் அவ்வாறு கூட்டிப்போனதால்தான் சீர்காழிக் குளக்கரையில் ஞானப்பால் கிடைத்தது.

ஆலயத்தில் பூசை நடக்கும்போது ஒரு கைக்குழந்தை அழுதால் மண்டபத்தில் எத்தனை தலைகள் திரும்புகின்றன என்பதை எல்லோரும் கண்டிருப்பார்கள். பசி போலிருக்கின்றது, வெயில் பட்டிருக்கும், இந்தக் கூட்டத்தில் ஏன் கொண்டுவந்தாள் என்று மெல்லிய குரலில் பேச்சு எழும். தாய் முகம் சிவந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். பல வருடத் திருவிழாக்களில் தீபாராதனையைக் காணாமலே வீடு திரும்பும் தாய்மார் உண்டு. அரிதாகச் சில நாட்களில், தூணடியில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் எழுந்து வந்து, “கொடு பிள்ளையை, நீ நின்று கும்பிடு அம்மா” என்று வாங்கிக்கொண்டு வெளிவீதிக்குப் போவார். மரத்தடியில் அங்குமிங்கும் நடந்து தேர்முட்டியையும் காக்கையையும் காட்டுவார். அன்றைய தீபாராதனை அவருக்குத் தப்பிப்போகும். பூசகர் கற்பூரத் தட்டுடன் வாசல்வரை வந்து, அவருக்கும் அவர் தோளில் தூங்கிவிட்ட பிள்ளைக்கும் சேர்த்துக் காட்டிவிட்டு உள்ளே போவார்.