தாள் ஒருவருக்கு, சொல் ஒருவருக்கு

1973இல் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவெல் ‘தி டால்ஃபின்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்தக் கவிதைகளில் ஒலிக்கும் குரல்களில் ஒன்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் மனைவியாக வாழ்ந்த எலிசபெத் ஹார்ட்விக்கினுடையது. இங்கிலாந்து போன லோவெல் அங்கே எழுத்தாளர் கரோலின் பிளாக்வுட்டுடன் வாழத் தொடங்கினார். நியூயார்க்கில் மகளோடு விடப்பட்ட ஹார்ட்விக் கோபத்திலும் துயரத்திலும் எழுதிய கடிதங்கள், தொலைபேசியில் பேசிய பேச்சு எல்லாம் கவிதையாகிவிட்டன. போட்டுக்கொள்ளலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புத்தகம் வருமுன்பே ஒருவர் தடுத்துப் பார்த்தார். லோவெல்லின் நெடுநாள் தோழி, கவிஞர் எலிசபெத் பிஷப். 1972 மார்ச்சில் அவர் எழுதிய கடிதம் கவிதைகளை மனதாரப் பாராட்டுகிறது; பிறகுதான் கண்டிக்கிறது. அனுமதி பெறாதது ஒரு தவறு. கடிதங்களில் இருந்ததை மாற்றி, மாற்றியதையும் ஹார்ட்விக்கின் வாயில் வைத்தது அதைவிடப் பெரிய தவறு. உண்மையோடு புனைவைக் கலப்பதைப் பற்றித் தாமஸ் ஹார்டி சொன்னதையும் பிஷப் துணைக்கு அழைத்தார். லோவெல் சில இடங்களைத் திருத்தினார், கவிதைகளின் வரிசையை மாற்றினார். புத்தகத்தை நிறுத்தவில்லை.

வந்த கடிதம் யாருடையது? சட்டம் இதற்கு முன்பே பதில் சொல்லியிருந்தது. கவிஞர் அலெக்சாண்டர் போப், கர்ல் என்ற பதிப்பாளர்மீது தொடுத்த வழக்கில் 1741இல் தீர்ப்பு வந்தது: தாள் பெற்றவருக்கு, சொற்கள் எழுதியவருக்கு. (தீர்ப்புச் சொன்ன நீதிபதியின் பெயர் ஹார்ட்விக் பிரபு. தற்செயல்தான். போப்பும் ஒன்றும் அப்பாவி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தன் கடிதங்கள் அதே கர்ல் கையில் போய்ச் சேரும்படி ரகசியமாக ஏற்பாடு செய்தவரே அவர்தான்.)

தத்துவஞானி இமானுவேல் கான்ட் இன்னும் ஆழத்துக்குப் போகிறார். அனுமதியில்லாமல் அச்சிடுவது ஏன் தவறு என்று 1785இல் எழுதிய கட்டுரையில், புத்தகம் வெறும் பொருளன்று, ஆசிரியர் வாசகரோடு பேசும் பேச்சு என்கிறார். அனுமதியின்றி வெளியிடுபவர் ஒருவரைப் பேச வைக்கிறார், அதுவும் அவர் விருப்பத்துக்கு மாறாக. இதைக் கடிதத்துக்குப் பொருத்தினால் ஒன்று புலப்படும். ஹார்ட்விக் பேசியது ஒரே ஒருவரிடம். கேட்பவர் மாறினால் சொல் அப்படியே இருந்தாலும் பேச்சு வேறாகிவிடும். கணவனிடம் வைத்த மன்றாட்டு, ஊரின் முன் நாடக வசனம் ஆகிவிடும். எனவே சொற்களைச் சற்று மாற்றியதால் லோவெல்லின் பொறுப்பு குறையவில்லை, ஹார்ட்விக் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டிய பொறுப்பும் சேர்ந்துகொண்டது.

கவிஞர் ஏட்ரியன் ரிச் தன் மதிப்புரையில் லோவெல் செய்ததைக் கொடுமை என்றே எழுதினார். ஆனால் தொகுப்பில் அதிகம் உயிரோடு இருப்பது ஹார்ட்விக்கின் குரல்தான் என்று சொல்லும் வாசகர்களும் உண்டு. அது லோவெல்லுக்குச் சாதகமான சாட்சியா என்பது வேறு கேள்வி.

கண்டித்த பிஷப்பையும் இந்தச் சிக்கல் விடவில்லை. ‘தி மூஸ்’ என்ற ஒரு கவிதையை முடிக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர் அவர். 1979இல் அவர் இறந்தார். 2006இல், அவர் வெளியிடாமல் வைத்திருந்த வரைவுகளை ஆலிஸ் குவின் தொகுத்துப் பதிப்பித்தார். இவை பிஷப் வேண்டாம் என்று ஒதுக்கியவை அல்லவா என்று விமர்சகர் ஹெலன் வெண்ட்லர் சீறினார். எதை வெளியிடலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தைப் பிஷப் தன் உயிலிலேயே பொறுப்பாளர்களிடம் கொடுத்திருந்தார் என்பது மறுதரப்பின் வாதம். முடிவை நம்பிக்கையானவர்களிடம் விட்டுப்போவதும் ஒருவகைச் சம்மதம்தான். ஆனால் அரைகுறையாக நிற்கும் ஒவ்வொரு வரிக்கும் அது செல்லுமா என்று உயில் சொல்வதில்லை.

ஹார்ட்விக் 2007இல் காலமானார். தன் கடிதங்கள் தொலைந்துபோனதாகவே அவர் எண்ணியிருந்தார். அவை தொலையவில்லை. 2019இல் ‘தி டால்ஃபின் லெட்டர்ஸ்’ என்ற நூலாக வெளிவந்தன. லோவெல்லின் கவிதையையும் அந்தக் கடிதங்களையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் யாருடையது என்று இப்போது யாரும் பார்க்கலாம். அதற்கும் ஹார்ட்விக்கிடம் அனுமதி கேட்க வழியில்லை.