நாலாம் கற்பனை யாருக்கு?



தாய் தகப்பனைச் சங்கிக்க வேண்டுமென்ற நாலாம் கற்பனை சிறு பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதென்று நினைத்துவிடுகிறோம். ஞானோபதேச வகுப்பில் அதை மனப்பாடம் செய்வித்துவிட்டால் நம் கடமை தீர்ந்ததா?

மாற்கு சுவிசேஷத்தின் 7-ம் அதிகாரத்தைப் பாருங்கள். பெற்றோருக்குச் சேரவேண்டிய உதவியைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லி நிறுத்திவிட்டவர்களை நம் ஆண்டவர் கண்டிக்கிறார். அவர்கள் சிறுவர்கள் அல்லர், பொருளுள்ள பெரியவர்கள். ஆகையால் இக்கற்பனை நம்மையும் கட்டுகிறது. திண்ணையிலிருக்கும் பாட்டியிடம் நாம் எரிந்து விழுந்தால், நம் பிள்ளை அதையே பாடமாகக் கற்கும்.

பிரம்பினால் பணிவு வராதா என்பீர்கள். வரும், பிரம்பு நம் கையிலிருக்கும் வரையில். பயம் வேறு, சங்கை வேறு. 12 வயதுத் திருப்பாலனைத் தேடிக் களைத்துத் தேவாலயத்தில் கண்டபோது தேவமாதா என்ன செய்தார்கள்? தங்கள் வேதனையைச் சொன்னார்கள், காரணம் கேட்டார்கள். கிடைத்த பதில் விளங்கவில்லை. ஆயினும் அதை உள்ளத்தில் வைத்துக் காத்தார்கள். பாலனும் நாசரேத்துக்குத் திரும்பி, அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார்.

பிள்ளைகள் வளர்ந்து தனித்து வாழும்போது கீழ்ப்படிதல் முடியும், சங்கை ஒருபோதும் முடியாது என்று 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. அப்படியானால் நிலைத்து நிற்பதையல்லவா நாம் முதலில் விதைக்கவேண்டும்?

இன்றிரவு வீட்டில் முதியவர்களுக்கு முதலில் சோறிடுங்கள். குடும்பச் செபமாலை முடிந்தபின், பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் சற்றுக் கேளுங்கள். கேட்கப்பட்ட பிள்ளையே கேட்கப் பழகும்.