கதவை அடைத்த பின் கேட்கும் குரல்



செபிக்கிறவன் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தார் (மத். 6, 6). நாமும் அடைக்கிறோம். ஆனால் கைத்தொலைபேசி நம்மோடு உள்ளே வந்துவிடுகிறது!

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னும், அடுத்த ஆண்டு கொரோனாக் காலத்திலும் ஆலயங்களில் கூடமுடியாதிருந்தபோது, திரையில் திருப்பலி காணப் பழகினோம். அந்தப் பழக்கத்தின் வழியே, மௌன செபமும் கிறிஸ்தவ தியானமும் கற்பிக்கும் இணையப் பணிகள் பல நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கின்றன. அவற்றுள் நல்லவையும் உண்டு, பதரும் உண்டு. எதை வைத்து நிறுப்பது?

சிலருக்கு முதலில் எழுவது பயம். மூச்சைக் கவனிப்பதும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் பிற மதத்தாரின் வழக்கம் அல்லவா என்கிறார்கள். கோணேசர் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த திருகோணமலையார் நாம் இதற்கு இவ்வளவு அஞ்சவேண்டியதில்லை. 1989 ஒக்டோபர் 15ஆம் திகதி, அவிலா தெரேசம்மாளின் திருநாளன்று, உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தியானத்தைப் பற்றி ஆயர்களுக்கு ஒரு மடல் விடுத்தது. கிறிஸ்தவமல்லாதவை என்பதற்காக மட்டும் இம்முறைகளைத் தள்ளிவிடக் கூடாது என்பது அதன் கருத்து. உடலில் உண்டாகும் இதமான அமைதியைப் பரிசுத்த ஆவியின் ஆறுதலென்று மயங்கிவிடக் கூடாது என்றும் அது எச்சரித்தது. இந்த இரண்டாவது எச்சரிக்கையைத்தான் திரைப் போதகர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்று இணையத்தில் பலரும் பின்பற்றும் கிறிஸ்தவ தியான முறை ஒன்றைப் பரப்பியவர் ஜோன் மெயின் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1950களில் மலாயாவில் அரச பணியிலிருந்தபோது, கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தா என்ற இந்துத் துறவியிடம் அவர் தியானம் பயின்றார். 1959இல் இலண்டன் ஈலிங் மடத்தில் சேர்ந்ததும், இந்த முறையை விட்டுவிடும்படி நவசந்நியாசிகளின் அதிபர் பணித்தார். அவரும் விட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, பழங்காலத் துறவி காசியானின் நூலில், ஒரே மன்றாட்டைத் திரும்பச் சொல்லும் பழக்கம் வனத்துறவிகளிடம் இருந்ததைக் கண்டார், மறுபடி தொடங்கினார். 1975இல் ஈலிங்கில் முதல் தியானக் குழு கூடியது. 1982இல் அவர் இறந்தார்.

தனக்கு இனித்த செபத்தை, தன்னை முன்னால் இருத்திப் பேசிய ஒருவரின் சொல்லுக்காக அவர் பல ஆண்டுகள் நிறுத்திவைத்தார். உங்கள் கைத்தொலைபேசியிலுள்ள போதகர் யாருக்குக் கீழ்ப்படிந்தவர்? எந்த ஆயரோ, எந்தச் சபையோ அவரைக் கேள்வி கேட்க முடியும்?

நம் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்தால், கப்பித்தான் எவ்வளவு அனுபவசாலியாயினும் இங்குள்ள பைலட் படகில் சென்று கப்பலில் ஏறுகிறார். கரையிலிருந்து வானொலியில் பேசினால் போதாதா? போதாது. அவர் அந்தக் கப்பலின் மேல்தட்டில் நின்று, அந்தக் காற்றையும் அந்த நீரோட்டத்தையும் பார்க்கவேண்டும்.

நமக்குத் தெரிந்த ஒரு தாய், 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலைக்குப் பிள்ளையைக் கொடுத்தவர். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய தொலைபேசியில் இரவுதோறும் தியானம் கேட்டு வந்தார். ஒரு நாள் அந்த மௌனத்துக்குள் அலையின் இரைச்சல் எழுந்தது. அவர் வாய்விட்டு அழுதார். குரலோ, இப்போது மெல்லப் புன்னகை செய்யுங்கள் என்றது. அது பதிவுசெய்த குரல்; அதைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் போரிலும் கடலிலும் உறவுகளை இழந்த இந்தக் கரையில் மௌனம் இலேசானதல்ல. உள்ளே இறங்கச் சொல்கிறவர், இறங்கியவள் அழும்போது எங்கே இருக்கிறார் என்று கேட்பது நியாயம்தானே?

நேரில் இருப்பவரெல்லாம் நல்ல வழிகாட்டி என்று சொல்லவரவில்லை. அரைகுறையாய்ப் படித்த குருக்களால் தன் ஆன்மா பட்ட கேட்டைத் தெரேசம்மாளே எழுதிவைத்தார். குருவாகிய நானும் அதைப் படிக்கும்போது சற்றுக் கூசத்தான் செய்கிறேன்.

மற்றச் சோதனைகள் எளிது. இத்தனை நாளில் தரிசனம் கிடைக்கும் என்பவரையும், உயர்ந்த நிலைக்குக் கட்டணம் கேட்பவரையும் விட்டு விலகுங்கள். அதைக் கேட்கத் தொடங்கியபின் ஞாயிறு பூசை சலிப்பாகத் தோன்றுகிறதா? மாமியாரோடு பேச்சு குறைந்ததா, கூடியதா? வீட்டாரைக் கேளுங்கள், சொல்வார்கள். கதவை அடைக்கச் சொன்ன ஆண்டவர் அடுத்த சில வசனங்களில் கற்பித்த செபத்தில் 'என்' என்ற சொல்லே இல்லை, 'எங்கள்' என்றுதான் இருக்கிறது.

அந்தத் தாய் இப்போதும் அதே குரலைத்தான் கேட்கிறார். அது நல்ல சபையொன்றின் பணி. நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. வெள்ளிதோறும் மாலையில் அயல்வீட்டுப் பெண்கள் மூவர் அவரோடு பாய் விரித்து அமர்கிறார்கள். முடிந்ததும் தொலைபேசியை அணைத்துவிட்டு, தேநீர் குடித்தபடி அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்கள்.