வராதவர்கள்

1950ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் நண்பருடன் பகலுணவு உண்கையில், விஞ்ஞானி ஃபெர்மி திடீரென ஒரு வினாவை எழுப்பினார்: அவர்கள் எல்லாரும் எங்கே? பால்வீதியில் மட்டும் 10,000 கோடி விண்மீன்களுக்குக் குறையாது. அவற்றைச் சுற்றும் உலகங்களில் அறிவுடைய உயிர்கள் தோன்றியிருப்பின், ஒரு சுவடாவது நம் கண்ணிற் பட்டிருக்க வேண்டாமா? 1975இல் மைக்கேல் ஹார்ட் என்பார் ஒரே வெட்டாய் விடை கூறினார். இருந்திருந்தால் வந்திருப்பார்கள், வரவில்லை, ஆகவே இல்லை.

வகுப்பறையிற் சொன்னால் மாணவர் உடனே ஒப்புவர். ஆயின் மன்னாரில் வாழும் நாம் இதனை அவ்வளவு எளிதில் ஏற்கலாமா? ஆற்றல் வளர்ந்தவன் அடுத்தவன் கரையில் இறங்கியே தீருவான் என்பதன்றோ இத்தர்க்கத்தின் அத்திவாரம்!

இறங்கியோரை நாம் அறிவோம். 1560இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். மூவர் கண்ணும் நமது முத்துப் பார்களின்மேல் விழுந்தது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிச் சிப்பிகள் அள்ளப்பட்டன. மூச்சடக்கி மூழ்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. மூழ்காத அரசுக்கு இரண்டு பங்கு. மறு ஆண்டே பார்கள் இலண்டன் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகையாயின. சில ஆண்டுகளிற் சிப்பி அற்றுப்போயிற்று. இவர்களைக் கடல் கடத்தியது அறிவன்று, இலாப வேட்கை. ஒரு சமூக அமைப்பின் குணத்தை அறிவின் குணமென்று விண்மீன்கள்மீதும் ஏற்றுவது எந்த நியாயம்?

பேராசைக்காரர் ஒருவர் இருந்தாலே போதுமே, அவர் வந்திருப்பாரே என்பர். வலுவான மறுப்புத்தான். ஆனால் பேராசைக்கு ஆயுள் எவ்வளவு? பால்வீதியைக் கடக்க ஒளிக்கே ஏறத்தாழ 1,00,000 ஆண்டு வேண்டும். ஹிரோஷிமாவில் 1945இல் விழுந்த குண்டு பிறந்ததும் அதே லொஸ் அலமோஸில்தான். அதனை ஆக்கியோருள் ஃபெர்மியும் ஒருவர். அக்குண்டோடு மனிதகுலம் கழித்திருப்பது எண்பது சொச்சம் ஆண்டே.

வந்தவர் எல்லாரும் கோட்டை கட்டியவருமல்லர். திருக்கேதீச்சரத்தை அடுத்த மாதோட்டத் துறைக்குச் சீனத்துப் பண்டங்களும் பாரசீகப் பண்டங்களும் வந்திறங்கின. கோட்டை இன்றும் கண்முன் நிற்கிறது. அவ்வணிகத்தின் தடயமோ, 1980களில் மண்ணை அகழ்ந்தபோது வெளிப்பட்ட ஓட்டுத் துண்டுகள். நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் அவற்றின்மேல் நடந்து திரிந்தனர்.

வானத்தில் நாம் எவ்வளவு தோண்டிவிட்டோம்? 1960இல் பிராங்க் டிரேக் வானொலித் தொலைநோக்கியைத் திருப்பிச் செவிமடுத்தது இரண்டே விண்மீன்களை. பின்னர் அத்தேடல் பல்லாயிரம் விண்மீன்களுக்கு விரிந்திருக்கிறது. எஞ்சியவற்றை எவரும் இன்னும் கேட்கவில்லை.