சக்திக்கேற்ற நடை



தீர்த்தங்கரத் தன்மைக்குக் காரணமாகும் 16 பாவனைகளுள் சக்திக்கேற்ற தவமும் ஒன்று. வையாவிருத்தியம் என்னும் பணிவிடையும் ஒன்று. வையாவிருத்தியம் முதன்மையாகத் துறவியர்க்குச் செய்வதாயினும், அதன் பயிற்சி இல்லத்திலேயே தொடங்கும்.

நீரிழிவுற்ற கணவர்க்கோ மனைவிக்கோ உடற்பயிற்சி தேடுங்கால் இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி என்பர் மருத்துவர். அதனை முதல் வாரத்திலேயே நிறைவேற்ற முனைவது தவமன்று, உடலை வருத்துதலே. உணவுக்குப்பின் 10 நிமிட நடை நல்ல தொடக்கம். பொழுது சாயுமுன் உண்ணும் நமக்கு மாலை வெளிச்சத்திலேயே அது கைகூடும். நடந்துகொண்டே பேச முடிந்தால் வேகம் அளவானது. பேச்சுத் தடைப்பட்டால் மிகையானது.

முழங்கால் வலியுள்ளவர் நாற்காலியில் அமர்ந்தவாறே கைகால்களை நீட்டி மடக்கலாம். பாதம் மரத்தவர் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. நடந்தபின் அவர் பாதங்களில் புண் உண்டா என்று துணைவர் பார்த்தல் வேண்டும். இன்சுலின் போடுபவர் மருத்துவரைக் கேளாது உபவாசத்தையும் பயிற்சியையும் சேர்த்து மேற்கொள்ளலாகாது. வியர்வையும் நடுக்கமும் தோன்றின் உடனே நிறுத்திச் சர்க்கரை கொடுக்க வேண்டும். உடன் செல்பவர் கையில் அப்பொட்டலம் என்றும் இருக்கட்டும்.

நம் வேகத்திற்கு அவரை இழுப்பதும், "சோம்பல்" என்று கடிவதும் இம்சையே. இயலாத நாளில் அருகில் அமர்ந்திருத்தலும் பணிவிடையாம்.

துறவியர் 4 முழம் முன்னோக்கி நடந்து ஈர்யா சமிதியைக் காக்கின்றனர், சிற்றுயிர்களின் பொருட்டு. நாமும் உடன்வரும் ஓருயிரின் பொருட்டு அடியளந்து வைப்போமாக!

அறம் வளர்க!