சுவருக்குள் சாகும் மான்

பிப்ரவரிக் காலை. லண்டன் ரிச்மண்ட் பூங்காவின் கதவு திறந்ததும் இயற்கையாளர் ஒருவர் உள்ளே நடக்கிறார். பெரணிப் புதர்கள் பழுப்பேறிச் சாய்ந்து கிடக்கின்றன. நடுவே படுத்திருக்கும் செம்மான்களும் அதே நிறம். மூச்சு ஆவியாகக் கிளம்பும்போதுதான் அங்கே உயிர் இருப்பது தெரிகிறது.

அவர் கண் முதலில் போவது மரங்களின் மேல். ஓக் மரங்களின் கீழ்க்கிளைகள் எல்லாம் ஒரே மட்டத்தில், கத்தரி போட்டு நறுக்கியதுபோல நிற்கின்றன. மானின் வாய் எட்டுகிற உயரம் அது. அந்த மட்டத்துக்குக் கீழே, வேலி கட்டிக் காக்காத ஓக் கன்று பிழைப்பது அபூர்வம்.

1637-ல் முதலாம் சார்லஸ் மன்னர் தம் வேட்டைக்காகச் சுமார் 2,500 ஏக்கரை வளைத்து இங்கே சுவர் எழுப்பினார். அக்கம்பக்கத்தார் எதிர்த்தும் பயனில்லை. இங்கிலாந்தில் ஓநாய் அற்றுப்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. சுவர் மட்டும் நிற்கிறது. உள்ளே சுமார் 630 மான்கள். ஆண்டுதோறும் குட்டிகள் பிறக்கின்றன, மேய்ச்சல் நிலமோ கூடுவதில்லை. அதனால் குளிர்காலத்தில் சில வாரங்கள் இரவில் கதவுகளை அடைத்துவிட்டு, ஒரு பகுதி மான்களைச் சுட்டுக் கொல்கிறார்கள்.

இது பாவமா?

ஒரு சிட்டுக்குருவி தரையில் விழுவதும் பரமபிதாவை மீறி நடப்பதில்லை என்கிறது மத்தேயு நற்செய்தி. 1854-55 குளிர்காலம் தம் தோட்டத்துப் பறவைகளில் ஐந்தில் நான்கு பங்கைக் கொன்றுவிட்டதாக, வசந்தத்தில் கூடுகள் குறைந்திருந்ததைக் கொண்டு டார்வின் கணக்கிட்டார். அத்தனை குருவிகளும் இறைவன் அறியவே விழுந்தனவா? இறையியலாளர்கள் இன்றும் மல்லாடும் கேள்வி இது. ஆனால் பனியில் விறைத்த குருவிக்காக எந்த மனிதனும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை.

மானின் கதை வேறு. கொல்லாமையை நோன்பாகக் கொண்டவர் எழுப்பும் ஆட்சேபத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது: 'சமநிலை' என்பது நம் கணக்கு, மானுக்கு அதன் உயிர்தான் கணக்கு. உண்மைதான். அதற்காகத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டால் கை கழுவியதாகிவிடுமா? கொன்று குறைக்க ஓநாய் இல்லை, வெளியேற வழி இல்லை. மந்தை பெருகப் பெருகப் புல் தேயும். பிறகு பசியும் நோயும் வாரக்கணக்கில் செய்யும் வேலையைத்தான் தோட்டா ஒரு நொடியில் செய்கிறது. காட்டில் பட்டினிச் சாவை இயற்கை என்று சொல்லி நகர்ந்துவிடலாம்; சுவருக்குள் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. சுவரைக் காத்துவருபவர்கள் சுடாமல் இருந்தாலும் அந்தச் சாவு அவர்கள் பொறுப்பில்தான் நடக்கிறது. சுடுவது புண்ணியம் என்றும் ஆகிவிடாது. ஆனால் சுடுகிறவர் அந்த ஒரு மானைப் பார்த்தாக வேண்டும், அது துடிக்காமல் சாகும்படி குறி தவறாதிருக்க வேண்டும். பசிக்கு அந்தக் கடமை இல்லை.

இயற்கையாளர் விழுந்து கிடக்கும் ஒரு பழைய ஓக் அருகே குனிகிறார். அதை வேண்டுமென்றே அப்புறப்படுத்தாமல் விட்டிருக்கிறார்கள்; மான்கொம்பு வண்டின் புழு இப்படி மட்கும் மரத்தில்தான் ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. விரலில் ஒட்டிய ஈரத் தூளைத் துடைத்துக்கொண்டு அவர் நிமிரும்போது, பெரணிக்குள்ளிருந்து ஒரு பிணைமான் எழுகிறது. ஓக் மரத்தடிக்கு வந்து, நறுக்கிய மட்டத்துக்கு விரற்கடை மேலே நிற்கும் கிளைநுனியை நோக்கிக் கழுத்தை நீட்டுகிறது.